வாசல் கற்களை எண்ணியபோது

கள்ளக்குறிச்சியில் ஒரு தெரு. அங்கே பூ விற்கும் ஓர் அம்மாவின் வீட்டுக்குள், மழை பெய்தால் தண்ணீர் புகுந்துவிடும். வடிகால் பொறியாளரான நான் அந்தத் தெருவையும் அதன் கால்வாயையும் கணினியில் மாதிரியாக ஏற்றி, அதில் மழை பெய்ய வைத்தேன். திரையில் அவர் வீடு காய்ந்தே கிடந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. நேரில் போய், வாசலுக்கு வாசல், கடந்து போகக் கால்வாயின் குறுக்கே போட்டிருந்த கடப்பைக் கற்களை எண்ணினேன். மொத்தம் நாற்பத்தொன்று. பல கற்கள் கால்வாய்க்குள் சரிந்து நீரை மறித்தன. அவற்றையும் கணக்கில் சேர்த்ததும், திரையில் தண்ணீர் சரியாக அவர் வாசலில் ஏறியது. கற்களையெல்லாம் உயர்த்திப் போடச் செய்தேன்.

அடுத்த பெருமழையில் குடையோடு போய்க் கவலையாக நின்றேன். தண்ணீர் வாசலைத் தொடாமல் ஓடியது.

"இன்னா சார், தண்ணி உள்ள வர்லன்னு வருத்தமா? வாங்க, டீ குடிங்க" என்றார் அந்த அம்மா.

காய்ந்த தரையில் உட்கார்ந்து குடித்தேன். அத்தனை பெருமையோடு நான் வேறெங்கும் உட்கார்ந்ததில்லை.