புளுகனும் இடுப்பு மூட்டும்

வீட்டில் வைத்து நரம்பு வழியாக மருந்து ஏற்றிக்கொள்ளும் நோயாளிக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும் என்பது மருத்துவமனை விதி. அவர் பதற்றமில்லாதவராகவும், நோயாளியின் நிலையை உள்ளது உள்ளபடி சொல்லக்கூடியவராகவும் இருக்க வேண்டுமாம். அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டவனைத் தெருவே ‘ரீல்’ என்றுதான் கூப்பிட்டது.

மேசை நாற்காலி ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறவன் அவன். தாமதமாகப் போகும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை வைத்திருப்பான். ஒருமுறை, வழியில் பிரசவ வலியோடு நின்ற பெண்ணைப் புது சோபாவிலேயே படுக்கவைத்து ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வந்தானாம். உண்மையில் வேனில் தூங்கிவிட்டிருந்தான். சோபா வாங்கியவர்கள் வாரக்கணக்கில் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். புளுகுவதில் அவனுக்கு லாபம் ஒன்றுமில்லை. உண்மை சப்பென்று இருக்கிறதே என்ற வருத்தம்தான்.

மனைவியோ ஆயத்த ஆடை ஆலையில் மேற்பார்வையாளர். தையல் ஒரு நூல் விலகினாலும் பிரிக்கச் சொல்வாள். இவளுக்கு இவன் எப்படி வாய்த்தான் என்று இரண்டு குடும்பமும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டன.

அவளுக்குப் பின்னிடுப்பில் வலி வந்தது. சுளுக்கு என்று தைலம் தேய்த்தார்கள், டிஸ்க் என்று பெல்ட் கட்டினார்கள். காய்ச்சலும் சேர்ந்து, படுக்கையில் புரளவே முடியாமல் போன பிறகுதான் ஸ்கேன் விஷயத்தைச் சொன்னது: முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டுக்குள் கிருமி. தொடையில் வந்து ஆறிப்போன ஒரு கட்டியிலிருந்து ரத்தம் வழியாகப் போயிருக்கலாம் என்றார் டாக்டர். மூட்டில் ஊசி விட்டு நீர் எடுத்து, இன்ன கிருமி என்று கண்டுபிடித்து, அதற்கான மருந்தை ஏற்றினார்கள். வலி குறைந்ததும், மீதி வாரங்களுக்கு வீட்டிலேயே ஏற்றலாம் என்று கையில் ஒரு நீளக் குழாயைப் பொருத்தினார்கள்.

“காய்ச்சல் திரும்பினாலோ, காலை நீட்ட முடியலைன்னாலோ உடனே கூட்டிட்டு வந்துடணும். பக்கத்துத் தசையில சீழ் கோத்துக்கும். அது ரத்தத்துல கலந்தா உயிருக்கே ஆபத்து” என்றார் டாக்டர்.

மருந்து ஏற்றக் கற்றுக்கொடுத்த நர்ஸ் முன்னால் ரீல் முதல் நாளே மயங்கி விழுந்தான். தெளியவைத்த நர்ஸ், “அண்ணே, விழறதுன்னா சிரிஞ்சை மேசை மேல வெச்சிட்டு விழுங்க. அது சுத்தமான பொருள்” என்றாள்.

ஆனால் வீட்டில் அவன் வேறு ஆளாகிவிட்டான். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவான். குழாயின் மூடியை ஸ்பிரிட்டால் துடைப்பான். குப்பியில் இருக்கும் பொடியைக் கலக்கி, காற்றுக் குமிழி போகத் தட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றுவான். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு காரியத்தைக் கதை சேர்க்காமல் செய்தான். அதில் அவனுக்கே ஒரு பெருமை. மனைவிகூட ஒருநாள் தன் தம்பியிடம், “இதை மட்டும் ஒழுங்கா செய்யறாரு” என்றாள்.

அவள் வேலைக்குத் திரும்பும் நாள் நெருங்கியபோது, படுக்கும் விதம் மாறியிருப்பதை ரீல் கவனித்தான். வலதுகாலை மடக்கியேதான் படுத்தாள். நீட்டும்போது உதட்டைக் கடித்தாள். சாயங்காலமானால் நெற்றி சுட்டது.

“ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்.”

“எதுக்கு? மறுபடியும் படுக்க வைக்கறதுக்கா? எனக்கு ஒண்ணும் இல்ல.”

“நர்ஸ்கிட்ட போன்ல கேட்டேன். உடனே வரச் சொன்னாங்க.”

“கேட்டிருப்பீங்க, கேட்டிருப்பீங்க. டாக்டரே உங்களுக்கு ஹெலிகாப்டர் அனுப்பறேன்னு சொல்லியிருப்பாரே!”

தம்பி சிரித்தான். “மாமா, சோபாவில வெச்சுக் கூட்டிட்டுப் போகலாமா?”

அவன் உண்மையில் போன் செய்திருந்தான். சத்தியம் செய்தான், அவன் சத்தியத்துக்கு அந்த வீட்டில் மதிப்பு கிடையாது. மறுநாளும் கெஞ்சினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று அவளுக்குக் குளிர் வந்து பல் கிட்டியது. ரீல் சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான்.

“ஒண்ணு சொல்றேன், திட்டாத. மருந்து குப்பி ரெண்டு கீழ விழுந்து உடைஞ்சிடுச்சு. பயத்துல சொல்லல. நேத்தும் இன்னைக்கும் வெறும் உப்புத் தண்ணியத்தான் ஏத்துனேன்.”

அவள் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. “எனக்குத் தெரியும்! உங்களை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்! டேய் தம்பி, கையைக் குடுடா. வண்டிய எடுங்க முதல்ல!”

ஸ்கேனில், மூட்டை ஒட்டிய தசையில் சீழ் கோத்திருந்தது. குழாய் விட்டு வடித்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும் என்றார் டாக்டர். வராந்தாவில் அவரிடம் மட்டும் ரீல் உண்மையைச் சொன்னான்; இல்லையென்றால் வைத்தியம் தப்பாகிவிடும்.

“அப்போ அவங்ககிட்ட நான் சொல்லிடறேனே. பாவம், உங்களை அந்தத் திட்டு திட்டறாங்க.”

“வேண்டாம் டாக்டர். அடுத்த தடவை நான் பொய் சொன்னா நம்ப மாட்டா.”

அவள் எழுந்து நடந்தாள், வேலைக்கும் போனாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் குப்பி உடைந்த கதையைச் சொன்னாள். ரீலும் மறுக்கவில்லை, குப்பி எப்படி உருண்டது, எப்படிச் சிதறியது என்று தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டான்.

ஒரு குப்பியும் உடையவில்லை. ஒரு வேளை மருந்தையும் அவன் தவறவிடவில்லை.