வஜீஹாவின் ரத்தம்

நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே வஜீஹா பேசுவாள். கத்தரிக்கோல் மடியில்தான் கிடக்கும். "அத்த எடுக்க ஒரு தபா, வெக்க ஒரு தபா. பல்லு சும்மாதானே கீது, சிஸ்டரம்மா?"

கே.கே. நகரில் என் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கிறாள். தி. நகர் கடைகளுக்குக் கல்யாண ரவிக்கைகளில் ஆரி ஊசியால் பூவேலை. கோணலாக விழுந்த பூவை, "மூஞ்சியப் பாரு" என்று திட்டிவிட்டுப் பிரிப்பாள். டீயில் மூன்று ஸ்பூன் சர்க்கரை. வயிற்றில் ஐந்து மாதக் குழந்தை. நான் பிரசவ வார்டில் முப்பத்து நான்கு வருஷம் நர்ஸாக இருந்தவள் என்பதால், மாடிப்படி ஏறலாமா என்பது வரை என்னைத்தான் கேட்பாள்.

ஒரு நாள் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "இதுக்கு மின்னாடி ஒண்ணு இருந்துச்சு. நாலாம் மாசம் போய்ட்ச்சு."

கண் பட்டுவிடும் என்று ஐந்து மாதம் ஆகும்வரை வெளியே சொல்லாத குடும்பம்; மாமியாருக்குக்கூட அப்போது தெரியாது. ஆஸ்பத்திரியிலும் பதியவில்லை. கலைந்தபோது வஜீஹா தன் அம்மா வீட்டில் இருந்தாள். அம்மா கஷாயம் கொடுத்து, மாமியாருக்குத் தெரிய வேண்டாம் என்று வாயை அடைத்துவிட்டாள். கணவன் அஃப்தாபும் அதற்குச் சம்மதித்தான்.

வஜீஹாவின் ரத்தம் நெகட்டிவ், அவனுடையது பாசிட்டிவ். கலைந்த மூன்று நாளுக்குள் ஓர் ஊசி போட்டிருக்க வேண்டும். போடாததால் என்ன ஆகும் என்று சொன்னேன். ரத்தத்தில் பி செல் என்று ஒரு வகை வெள்ளணு உண்டு. குழந்தையின் ரத்தத்தை ஒரு முறை அந்நியமாகப் பார்த்துவிட்டால், அவற்றில் சில நினைவுச் செல்களாகிப் பல வருஷம் காத்திருக்கும். அடுத்த குழந்தையிடமும் அதே ரத்தத்தைக் கண்டால், உடனே பெருகி எதிர்ப்பொருளைச் சுரக்கும். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்க் குழந்தையின் ரத்தத்தை அழிக்கும்.

"என் ரத்தத்துக்கு ரோஷம் ஜாஸ்தின்னு சொல்லுங்க" என்று சிரித்தாள். சற்றுக் கழித்து, "அந்தப் புள்ளய நெனப்புல வெச்சிகினு கீறது அது ஒண்ணுதான்" என்றாள். அன்று ஒரே பூவை நான்கு முறை பிரித்தாள்.

டாக்டரிடம் சொல் என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். தபஸ்ஸும் என்ற அவள் மாமியார் மருமகளின் தோளில் கை போட்டபடி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வைதேகி பரிசோதனைச் சீட்டைப் பார்த்துப் புருவம் சுருக்கினார். "எதிர்ப்பொருள் நிறைய இருக்குன்னு வந்திருக்கு. முதல் கர்ப்பம்தானே?"

"எங்க வூட்டுக்கு மொதோ வாரிசு, டாக்டர்" என்றாள் தபஸ்ஸும்.

"அப்ப லேப்ல ஏதோ தப்பு. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எடுக்கலாம்."

இரண்டு வாரத்தில் அந்தக் குழந்தை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வஜீஹாவுக்கும் தெரியும்.

மேஜையிலிருந்த ஃபைலைத் தன் பக்கம் இழுத்தாள். டாக்டரின் பேனாவை எடுத்து, எத்தனையாவது கர்ப்பம் என்ற இடத்தில் இருந்த 'ஒன்று' என்பதை அடித்து, 'இரண்டு' என்று எழுதினாள்.

டாக்டர் உடனே ஸ்கேன் அறைக்குப் போன் போட்டார். தபஸ்ஸும் மருமகளின் தோளிலிருந்து கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.