தீக்கோட்டில் கொட்டிய சருகு

பெரும்பாக்கம் பக்கத்துக் காப்புக்காட்டில் கோடை வந்தால் எனக்குத் தீக்காவல் வேலை. காட்டோரம் நெடுக அகலமாக ஒரு பட்டையில் புல், சருகு ஒன்றுவிடாமல் செதுக்கிப் பெருக்கி வைப்போம். ரோட்டுப் பக்கமிருந்து தீ வந்தால் தின்ன எதுவும் கிடைக்காமல் அங்கேயே செத்துப்போகும். தீக்கோடு என்போம்.

என் ஜோடி, ஹவுசிங் போர்டில் குடியிருந்த ஒரு அக்கா. அவளுக்கு வீசிங். இன்ஹேலரை இடுப்பில் செருகியிருப்பாள், யாராவது வந்தால் புடவையை இழுத்து மூடிக்கொள்வாள்.

"ரேஞ்சர் சாருக்குத் தெரிஞ்சா நிப்பாட்டிடுவாரு. வூட்ல அடுப்பு எரியறதே இந்த வேலையாலதான். வாயத் தொறந்துடாத."

நாங்கள் பெருக்கிய மறுநாளே எதிர் அபார்ட்மெண்ட்காரர்கள் தோட்டத்துச் சருகை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து தீக்கோட்டில் கொட்டுவார்கள். கேட்டால், "காலி இடம்தானேம்மா, நீட்டா இருக்கேன்னு போட்டோம்." அட கடவுளே, நீட்டாக இருப்பது எதற்கென்று ஒருத்தருக்காவது கேட்கத் தோன்றாதா! நான் சண்டைக்குப் போனால் அக்கா கையைப் பிடித்து இழுப்பாள். "சும்மா வா. நம்ம வேலைக்கு வேட்டு வச்சிடுவாங்க."

போன பங்குனியில் ஒரு மதியம் ரோட்டோரப் புல்லில் பிடித்த தீ கோட்டில் நிற்கவில்லை. கொட்டிக் கிடந்த சருகின் மேலேயே ஏறிக் காட்டுக்குள் போய்விட்டது. பச்சைக் கொப்பை ஒடித்துக்கொண்டு ஓடினோம். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று அமுக்கி அமுக்கி அணைக்க வேண்டும், ஓங்கி அடித்தால் பொறி பறக்கும். திடீரென்று காற்று திரும்பிற்று. புகை முழுக்க அக்காவின் முகத்துக்கு. "வெளிய வாக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். வரவில்லை. தீயணைப்பு வண்டி வரும்வரை கொப்பை விடவில்லை. அப்புறம் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ரேஞ்சர் சார் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். நல்ல மனுஷன். டாக்டரிடம் எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"உங்களாலதான்மா காடு தப்பிச்சது. இனிமே நீங்க வேலைக்கு வர வேணாம். உடம்பப் பாத்துக்குங்க, நல்லா ரெஸ்ட் எடுங்க."

அக்கா மாஸ்க்கை இறக்கி, "சரிங்க சார்" என்று கும்பிட்டாள். அவர் வார்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அணைக்காம ஓடியாந்திருந்தா எனக்கு வேல இருந்திருக்கும், இல்ல?"