ராகு காலமும் போன் பூட்டும்

மொபைல் சர்வீஸ் கடை வெச்சவங்களுக்கு ரிப்பேர் பாக்கறது பாதி வேலைதான். மீதி பாதி, யோசனை கேட்டுட்டு அதுக்கு நேர்மாறா வாங்கிக்கினு வர்றவங்களோட மல்லுக்கட்டறது. இதே தொழில்ல இருக்கற உங்களுக்கு என் வயித்தெரிச்சல் புரியும்.

பிள்ளையார்பாளையத்துல என் கடை. பழைய போன் வாங்கறவங்களுக்காக வாசல்ல ஒரு போர்டு மாட்டி மூணு கேள்வி எழுதியிருக்கேன். வேற சாஃப்ட்வேர் ஏத்த முடியாம கம்பெனி போட்ட பூட்டைத் திறக்க விடுதா? உள்ள இருக்கறது என்ன சிப்? கம்பெனி கைவிட்ட பிறகும் அந்த மாடலுக்கு வெளி டெவலப்பருங்க சாஃப்ட்வேர் எழுதிக்கினு இருக்காங்களா? மூணும் சரியா இருந்தா, அப்டேட் நின்னு போன போன்லயும் அந்த வெளி சாஃப்ட்வேரை, அதான் கஸ்டம் ரோமை, ஏத்தி இன்னும் சில வருஷம் ஜம்முனு ஓட்டலாம். எழுதி என்ன, போர்டு மேல சைக்கிளைச் சாய்க்கறாங்க!

மயில் கழுத்து

தேவராஜ் பட்டுப் புடவைக்கு டிசைன் போடறவரு. போன்ல ஒரு ஆப்புல வரைஞ்சு, அதுலேர்ந்தே தறி மேல டிசைன் எடுக்கற ஜக்கார்டு பெட்டிக்கு அனுப்புவாரு. ஒருநாள் அந்த ஆப், 'உங்க போன் பழசு, இனிமே வேலை செய்யாது'ன்னு கையை விரிச்சிடுச்சு. கையில ஒரு கல்யாணப் புடவை ஆர்டர். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தறியில பாவு நூலைப் பிணைச்சு நெசவு ஆரம்பிக்கறாங்க. அதுக்குள்ள டிசைன் போகலைன்னா முதலாளி வேற ஆளுக்குக் கொடுத்துடுவாரு.

புது போன் வாங்க வசதியில்ல, கையில இருந்த போனுக்கு ரோமும் இல்ல. ரோம் ஏத்தி அந்த ஆப்பை ஓட்டறதுக்கு செகண்ட் ஹேண்ட்ல எந்த மாடல், எந்த சிப்புன்னு நானே சீட்டுல எழுதிக் கொடுத்தேன். மனுஷன் அதே பேர்ல, வேற சிப் போட்ட போனை வாங்கிக்கினு வந்து நிக்கறாரு. அந்த சிப்புக்கு உலகத்துல ஒருத்தரும் ரோம் எழுதல. ஏம்பா இப்படின்னு கேட்டா சிரிக்கறாரு.

"பேரு ஒண்ணுதானேக்கா? மயில் கழுத்து கலரு இதுலதான் இருந்துச்சு. பக்கத்துல அரக்கு கவர் போட்டா பார்டர் மாதிரியே இருக்குது பாருங்க."

நூத்தியெட்டு

அந்த போனை மாத்த, வாங்கின கடைக்கு நானே கூடப் போனேன். விக்கற தம்பிகிட்ட, "இதுக்கு டெவலப்பர் சப்போர்ட் இல்லப்பா, சீட்டுல இருக்கற சிப் போட்டதைக் கொடு"ன்னேன். அவன் என்னை மேலயும் கீழயும் பாத்தான். போன் விக்கற கடையில இதைச் சொன்னா பைத்தியக்காரின்னு நெனைக்கறாங்க! அரை மணி நேரம் தொண்டை கிழிய சண்டை போட்டு மாத்தினேன். கிளம்பும்போதும் விடல அவன்.

"நூத்தியெட்டு மெகாபிக்சல் கேமராவை விட்டுட்டுப் போறீங்களேக்கா, அதுக்கு மேல என்னா சப்போர்ட் வேணும் உங்களுக்கு?"

அஞ்சாம் நாள்

அன்னிக்கே, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, பூட்டைத் திறக்க கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டேன். இந்தக் கம்பெனி ஏழு நாள் காக்க வைக்கும். அடுத்த செவ்வாய் திறந்துடும், வெள்ளிக்குள்ள டிசைன் முடிஞ்சிடும். "அதுவரைக்கும் எதையும் தொடாதே"ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.

ஞாயித்துக்கிழமை காலையில வர்றாரு, நெத்தி நெறைய விபூதியோட. விண்ணப்பத்தை ரத்து பண்ணிட்டு அன்னிக்குக் காலையில மறுபடி போட்டிருக்காரு! அஞ்சு நாள் போச்சு; கணக்கு முதல்லேர்ந்து. இனி அடுத்த ஞாயித்துக்கிழமைதான் திறக்கும். "வெள்ளிக்கிழமை ஆர்டர் போயிடுமேய்யா, உனக்கு மூளை இருக்குதா?"ன்னு கத்தினேன். அவரு நிதானமா சொன்னாரு.

"செவ்வா நாலு மணி ராகு காலம்க்கா. பாவு பிணைக்கவே நேரம் பாக்கறோம், பூட்டு திறக்கப் பாக்க வேணாமா?"

என் போன்

சொல்லிட்டு வெளிய போய்ப் படியில உக்காந்தவரு எழுந்திருக்கல. கண்ணு கலங்கியிருந்துச்சு. என் சொந்த போன் அதே மாடல், அதே சிப். ரோம் போட்டு மூணு வருஷமா ஓடுது. ஆப்பை அதுல ஏத்தி, சிம்மைக் கழட்டிக்கினு, போனை அவரு கையில திணிச்சேன். அஞ்சு நாள் ஒரு பட்டன் போன் வெச்சுக்கினு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை டிசைன் தறிக்குப் போயிடுச்சு, ஆர்டரும் தப்பிச்சுது. ஞாயித்துக்கிழமை அவரு பூட்டும் திறந்துது, ரோம் ஏத்திக் கொடுத்தேன். ஒரு நன்றி சொல்லுவாருன்னு காத்துக்கினு நின்னேன். கடையில நாலு பேரு இருக்கறப்போ, கோயில் பிரசாதத்தை என் கையில கொடுத்துட்டு சத்தமா சொல்றாரு:

"பாத்தீங்களாக்கா? நல்ல நேரத்துல மாத்திப் போட்டதாலதான் ஆர்டர் நம்ம கையை விட்டுப் போகல."

இப்போ போர்டுல நாலாவது கேள்வியா, 'இன்னிக்கு ராகு காலம் எப்போ?'ன்னு நானே எழுதிட்டேன், அதை மட்டும் எல்லாரும் நின்னு படிக்கறாங்க.