டூப்ளிகேட் என்று அடிக்கச் சொன்ன பெயர்

1. ரிவ்யூ மீட்டிங்

“சகுந்தலா, இதுல ஒண்ணை அடிச்சிருங்க. ஒரே ஆளுதான். ரெண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு.”

எங்கள் டாக்டர் இரண்டு பாரங்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னார். புற்றுநோய்ப் பதிவேட்டில் நான் புதுக்கோட்டை மாவட்டக் களப்பணியாளர். ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் போய் பயாப்ஸி ரிப்போர்ட், கேஸ் ஷீட், இறப்புப் பதிவு எல்லாம் பார்த்து, நம் மாவட்டத்துக்காரர் யாருக்குப் புற்றுநோய் வந்திருந்தாலும் ஆளுக்கு ஒரு பாரம் நிரப்ப வேண்டும். அது மாநிலத்துக்குப் போகும், அங்கிருந்து தேசிய அட்டவணைக்குப் போகும். எந்தப் புற்றுநோய் கூடுகிறது, எது குறைகிறது என்று நாடு முழுவதற்கும் கோடு போடுவது இந்தப் பாரங்களை வைத்துத்தான்.

அந்த வருடம் எங்கள் மாவட்டத்தில் கணையப் புற்றுநோய்க் கோடு ஏறியிருந்தது. ஏன் என்று மேலிடத்தில் கேட்டிருந்தார்கள். நோயே கூடியிருக்கலாம். அல்லது முன்பெல்லாம் ‘காமாலை’, ‘வயிற்று வலி’ என்று எழுதி முடித்த சாவுகள், ஊருக்கு ஊர் ஸ்கேன் வந்த பிறகு சரியான பெயரோடு வெளியே வந்திருக்கலாம். அதுவும் இல்லையென்றால் நாங்கள் ஒருவரையே இரண்டு தடவை எழுதியிருப்போம். கடைசியாகச் சொன்னது எங்கள் தப்பு என்பதால் அதைத்தான் முதலில் தேடுவோம்.

திருச்சியிலிருந்து வந்த பாரத்தில் மு. யூசுப், வயது ஐம்பத்தெட்டு. மதுரையிலிருந்து வந்ததில் மு. யூனுஸ், வயது ஐம்பத்தாறு. அப்பா பெயர் ஒன்று, மீமிசலில் தெருவும் ஒன்று. ஆஸ்பத்திரிக் கையெழுத்தில் யூசுபும் யூனுஸும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் தெரியும். டாக்டர் சொன்னதில் நியாயம் இருந்தது.

“நேர்ல ஒரு தடவை பார்த்துட்டு அடிக்கிறேன் சார்.”

“ஒரு பேருக்காக மீமிசல் வரைக்குமா?”

“ரெண்டு ஆளா இருந்தா, ஒருத்தர் எந்தக் கணக்குலயும் இல்லாமப் போயிருவாரு சார்.”

அவர் பாரங்களை என் பக்கம் தள்ளினார்.

2. மீமிசல்

அறந்தாங்கியில் பஸ் மாறி, ஆவுடையார்கோவில் வழியாகப் போய் இறங்கும்போது பதினோரு மணி. தெருமுனைக் கருவாட்டுக் கடையில் விசாரித்தேன். கடைக்காரர் ஹமீது, ஐம்பது வயதுக்குள் இருப்பார். என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

“ரெண்டு பேரும் என் கூடப்பொறந்தவங்கதான் மேடம். யூசுப் மூத்தவரு, யூனுஸ் நடுவுல, நான் கடைசி. சின்னண்ணனுக்குத்தான் கணையத்துல கேன்சரு. மதுரையில பார்த்தோம், நாலு மாசம்கூட இருக்கலை. பெரியண்ணனுக்கு அதெல்லாம் இல்லை. வெறும் மஞ்சக்காமாலை, முத்திப்போயி எறந்துட்டாரு.”

நான் பையைத் திறக்கவில்லை. அதற்குள் யூசுபின் பயாப்ஸி ரிப்போர்ட் நகல் இருந்தது. அதிலும் கணையம் என்றுதான் எழுதியிருந்தது.

ஹமீது தண்ணீர் எடுத்துக்கொடுத்தபோது அவர் கைக்கடிகாரம் முழங்கை வரைக்கும் வழுக்கிப் போனது. “ஒடம்புக்கு என்னங்க?” என்று கேட்டேன்.

“ஆறு மாசமா சுகர் மேடம். நம்ம வீட்டுல யாருக்கும் கெடையாது, எனக்குத்தான் வந்திருக்கு. சுகர் வந்தா மெலியத்தானே செய்யும்?”

நான் டாக்டர் இல்லை. ஆனால் இத்தனை வருடம் கேஸ் ஷீட் புரட்டியதில், கணையப் புற்றுநோய் என்று முடிகிற பல ஷீட்களின் முதல் பக்கத்தில் இதையே படித்திருக்கிறேன். புதிதாக வந்த சுகர், காரணமில்லாமல் இறங்கிய எடை. அதோடு இவருடைய இரண்டு அண்ணன்களும் அதே நோயில் போயிருந்தார்கள். ஒருவருடையதுதான் இவருக்குத் தெரியும். ஒருவர் நோயை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் நான் இந்த வேலைக்குச் சேர்ந்தேன்.

பெரியவர் யூசுபின் மனைவி ஜுலைகா எதிர்வீட்டில் இருந்தார். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

“எனக்கும் எம் மவனுக்கும் மட்டுந்தான் தெரியும். வெளிய சொல்லிராதீங்க. பொண்ணுக்கு எடம் பேசிக்கிட்டிருக்கோம். அத்தாவுக்குக் கேன்சருன்னு தெரிஞ்சா யாரு வருவா?”

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க. சொல்லவும் கூடாது. ஆனா ஒங்க கொழுந்தனாரு மெலிஞ்சுபோயி உக்காந்திருக்காரு. ரெண்டு அண்ணனுக்கும் ஒரே நோயின்னு அவருக்குத் தெரியலை. தெரிஞ்சாத்தான் இன்னைக்கே டாக்டர்கிட்டப் போவாரு.”

“அவருக்குச் சுகருதானே?”

“சுகராவே இருக்கட்டும். பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டா நல்லதுங்க.”

 ஜுலைகா அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தெருவைத் தாண்டிக் கடைக்குப் போனார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அண்ணியைக் கேட்கிற ஹமீதின் குரல் மட்டும் கேட்டது.

“ஏன் மச்சி, ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லலை?”

அன்றைக்கு மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு டாக்டரைப் பார்க்கக் கிளம்பினார்.

3. பாரத்துக்குப் பிறகு

பெயர் எதையும் அடிக்கவில்லை. இரண்டு தனி ஆட்கள், சொந்தச் சகோதரர்கள் என்று குறிப்பு எழுதிக்கொடுத்தேன். டாக்டர் படித்துவிட்டு, “நல்லவேளை, நான் சொன்னதைக் கேக்கலை” என்றார்.

ஒரு மாதம் கழித்துத் திருச்சியிலிருந்து மூன்றாவது பாரம் வந்தது. மு. ஹமீது. கணையத்தின் தலைப்பகுதியில் சிறிய கட்டி, இன்னும் பரவவில்லை, ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். இந்த நோய்க்கு நான் நிரப்பிய பாரங்களில் ‘ஆபரேஷன்’ என்று எழுத வாய்த்தவை மிகக் குறைவு.  எங்கள் மாவட்டக் கோடு இன்னும் ஒரு புள்ளி ஏறியது. ஏறுகிற கோடெல்லாம் கெட்ட செய்தி என்று அதுவரை நினைத்திருந்தேன். நேரத்தோடு கண்டுபிடிக்கப்பட்ட ஒருவரும் அந்த ஏற்றத்துக்குள் இருக்கலாம் என்பதை மீமிசலில்தான் தெரிந்துகொண்டேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன், எண்ணை நம்புவதற்கு முன் ஒரு தடவை பஸ் ஏறுங்கள்.

ஜுலைகாவின் மகளுக்கு விஷயத்தைச் சொல்லியே இடம் பேசினார்கள். ஒரு வீட்டார் வரவில்லை, அடுத்தவர்கள் வந்தார்கள்.

பதிவேட்டில் இருக்கிறவர்களை வருடத்துக்கு ஒரு முறை போனில் கூப்பிட்டு, உயிரோடு இருக்கிறாரா என்று எழுத வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்று கடைசி வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. நான் ஓய்வு பெற்ற வருடமும் ஹமீதுக்கு வழக்கம்போல, “நல்லா இருக்கீங்களா?” என்று இழுத்தேன். பின்னால் மீன் ஏலச் சத்தம்.

“இருக்கேன் மேடம். எழுதிக்கங்க.”