தாலி கட்டின பிள்ளைகள்

போன கிழமை கிளிநொச்சியில் மருத்துவமாதுகள் எங்களுக்கு ஒரு கூட்டம். திரையில் ஒரு கோடு காட்டினார்கள். இருபது வயதுக்குள் பிள்ளை பெறுகிறவர்களின் கணக்காம். வருசா வருசம் இறங்கிக்கொண்டே வந்தது. நடுவில் மட்டும் ஒரு மேடு. "அது சண்டைக் காலம், அதை விடுவம். இப்ப விழிப்புணர்வு வந்திட்டுது," என்றார் இளம் டொக்டர். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், தட்டி முடித்தால்தானே ரோல்ஸும் தேத்தண்ணியும் வரும்.

பக்கத்தில் இருந்த புதுப் பிள்ளை குழந்தைப் பவுடர் பூசிக்கொண்டு வந்திருந்தாள். அந்த மணம் மூக்கில் ஏறினால் எனக்குத் தர்மபுரம்தான்.

மருத்துவமாதாக என் முதல் வேலை அங்கே. சேலைக் கரை சைக்கிள் செயினில் மாட்டி, கறுப்பு எண்ணெயோடுதான் கிளினிக்கில் போய் இறங்குவேன். கலியாணம் கட்டாத நான் பிள்ளைப்பேறு பற்றி வகுப்பெடுக்க, என்னைவிட மூத்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. வரிசையில் மூத்தவர்களைவிடப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

வீட்டுக்கு ஒருவரை இயக்கம் சண்டைக்குக் கொண்டுபோன நாட்கள் அவை. கலியாணம் கட்டியவர்களை விட்டுவிடுவார்கள் என்று ஒரு கதை. அதை நம்பித்தான் பதினைந்திலும் பதினாறிலும் தாலி ஏறியது. வயிறு தள்ளிய பிள்ளைகள் கிளினிக் விறாந்தையில் இருந்து கொக்கான் வெட்டுவார்கள். கல்லை எறிந்து பிடிக்கிற அவசரத்தில் நான் பெயர் கூப்பிடுவதுகூடக் கேட்காது.

அப்படி வந்தவள்தான் செல்வராணி. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து, இங்கே காடு வெட்டிப் பிழைத்த குடும்பம்.

"வயசென்ன?" என்றேன்.

"பத்தொம்பது," என்றாள் தாய்.

"பதினஞ்சு," என்றாள் பிள்ளை.

தாயைத் திட்டினேன். அவள் குனிந்தபடி சொன்னாள்: "தாலி கட்டுன புள்ளைய கொண்டு போகமாட்டாங்களாம் மிஸ்ஸி. வேற என்னா செய்றது?"

பதினைந்து வயது உடம்பு பிள்ளைப்பேற்றைத் தாங்காது என்று எனக்குப் படிப்பித்திருந்தார்கள். ஆள் பிடிக்கிற வாகனம் வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது என்று படிப்பிக்கவில்லை.

புருசன் ரவி, மச்சான் முறை, மீசை சரியாக முளைக்காதவன். அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருவான். "மிஸ்ஸி, இவ ஒரே மாங்காயாத் திங்கிறா, ஏசுங்கோ," என்பான். "பொய் சொல்றான் மிஸ்ஸி," என்று அவள் அவன் முதுகில் குத்துவாள். அண்ணன் தங்கை சண்டை மாதிரியே இருக்கும்.

பிறகு சட்டம் மாறியது. கட்டினவர்களையும் கொண்டுபோனார்கள். ரவியை வயலில் வைத்து ஏற்றினார்களாம். செல்வராணியின் தகப்பன் கிளினிக்குக்கு வந்து என் முன்னால் நின்றார். "இனி அந்தத் தாலிய வச்சு என்னா மிஸ்ஸி செய்றது?" என்று கேட்டார்.

வலி வந்தபோது அவள் ரவியைக் கூப்பிடவில்லை. "என்ன விடுங்கோ, நான் வீட்ட போறன்," என்றுதான் அழுதாள். நானும் அவளும் பட்ட பாட்டுக்குப் பிறகு பெண்பிள்ளை ஒன்று பிறந்தது. சண்டை கிட்ட வர, அந்தப் பச்சை உடம்போடுதான் அவள் ஊர்ச்சனம் எல்லாரோடும் கிழக்கே நடந்தாள். வழியில் தாயும் தகப்பனும் ஒரே செல் விழுந்து செத்துப்போனார்கள். ரவி திரும்பி வரவில்லை.

இப்போது ஓமந்தையில் இருக்கிறாள். ஆடைத் தொழிற்சாலையில் வேலை. கூட்டம் முடிந்து வவுனியாவுக்குத் திரும்பும் வழியில் பஸ்ஸை விட்டு அங்கே இறங்கினேன். மகள் உயர்தர வகுப்பில் படிக்கிறாள். தாயையும் மகளையும் பார்த்தால் அக்கா தங்கை என்பார்கள். அதைச் சொன்னேன், மகள் சிரித்தாள், தாய் சிரிக்கவில்லை.

மகள் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனதும் செல்வராணி கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டாள்.

"என்ர சின்ன வயசுப் படம் வேணுமாம் இவளுக்கு. இருந்த ஒண்டு ரெண்டும் அந்த ஓட்டத்தில போச்சு. கேக்கிறதுக்கு அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. அப்ப என்னைப் பாத்த ஆள் நீங்கள்தானே மிஸ்ஸி." குரலைத் தாழ்த்தினாள். "நான் எப்பிடி இருந்தனான்?"

"சின்னப்பிள்ளையா இருந்தனீ," என்றேன்.

மேலே ஏதாவது சொல்வேன் என்று அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.