நாலாம் எந்திரத்தின் பத்து நிமிடம்

எனக்குச் சந்தேக புத்தி அதிகம். கடையில் ஆட்டிப் பார்த்து வாங்கிய தேங்காயை வீட்டுக்கு வந்தும் ஒருமுறை ஆட்டிப் பார்ப்பேன்.

புதுச்சத்திரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையின் அலுவலகத்தில் சேர்ந்தபோது, புது மென்பொருள் ஒன்றை என்னிடம் ஒப்படைத்தார்கள். ஷெட்டுகளின் சூடு, தீவனம், தண்ணீர் விவரங்களை அலசி, கோழிகளுக்கு நோவு வருவதை முன்கூட்டியே சொல்லிவிடும். அதை ஓட்டப் புது கம்ப்யூட்டர்கள் கேட்டேன். முதலாளி சிரித்தார்.

"இருக்கற எட்டுலயே ஓட்டுங்க அம்மிணி. இது ஓடிருச்சுன்னா அந்த ரூமுக்கு ஒரு ஆளு போதும்."

கம்ப்யூட்டர் அறையில் இருந்த எட்டும் பழசு. ஒன்றோடொன்று கோத்து, சேர்ந்து வேலை செய்பவை. கிளஸ்டர் என்போம். அதைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருந்த, எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடும் ஊழியரும் அப்போது பக்கத்தில்தான் நின்றிருந்தார். அறைச் சாவி எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும்.

புது மென்பொருளுக்கு வேண்டிய துணை நிரல்கள் பழைய எந்திரங்களில் கிடையாது. அவற்றைத் தனி மூட்டையாகக் கட்டி உள்ளே வைத்தேன். பழசுக்குப் புரியாத கட்டளைகளைப் புரியும்படி மாற்றி எழுதினேன். ஏழு எந்திரங்கள் ஏற்றுக்கொண்டன. நாலாவது மட்டும் 'அனுமதி இல்லை' என்று தள்ளிக்கொண்டே இருந்தது.

"ஏனுங்க அம்மிணி, ஆச்சுங்களா?" என்று அண்ணன் தினமும் கேட்பார். எனக்கு அது நக்கலாகவே பட்டது. நான் என் மேசையிலிருந்தே திருத்தி முடித்ததும் சாவியோடு உள்ளே போவார், தூசி தட்டினேன் என்பார். வேலை போய்விடும் என்று பயந்தவர் எந்திரத்தைக் கெடுக்காமல் வேறென்ன செய்வார்? மூன்றாவது வாரம் முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டேன்: "அவரு மேல எனக்குச் சந்தேகமா இருக்குங்க."

மறுநாளே சாவி என் கைக்கு வந்தது. அண்ணனைக் கேட்டில் லாரி நம்பர் எழுத உட்கார வைத்தார்கள்.

முதன்முதலாகத் தனியாக உள்ளே போனேன். நாலாம் எந்திரத்தின் திரையில் மணி பத்து இருபது. என் கைப்பேசியில் பத்து பத்து. கேட்டுக்கு ஓடினேன்.

"நாலாவதுல டைம் ஏன் தப்பா இருக்குங்ணா?"

"தப்பில்லைங்க, பத்து நிமிசம் முன்னால வெச்சிருக்குது. முட்டை லாரிக்கு லோடு சீட்டு அதுலதானுங்க அடிக்கறோம். வண்டி லேட்டாவக் கூடாதுன்னு மொதலாளி வெக்கச் சொன்னது. டிரைவருங்களுக்கே தெரியுமே. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே அம்மிணி."

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரமும் பத்து நிமிடம் முன்னால்தான் ஓடுகிறது. பழைய மென்பொருள் நேரத்தைச் சரிபார்த்ததே இல்லை. புதியதோ, ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வரும் கட்டளையைப் போலி என்று தள்ளிவிடும். எனக்கும் நேரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எந்திரத்தின் நேரத்தைச் சரிசெய்து, சீட்டில் மட்டும் பத்து நிமிடம் கூட்டி அச்சாகும்படி எழுதினேன். எட்டும் ஓடின. முதலாளியிடம் நடந்ததைச் சொல்லி, சாவியை மேசைமேல் வைத்தேன். வெட்கமாக இருந்தது.

"அதான் ஓடுதுல்ல? சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

இன்றும் காலையில் என் வண்டி நுழையும்போது அண்ணன் கேட்டைத் திறந்துவிடுகிறார். "ஏனுங்க அம்மிணி, நல்லா ஓடுதுங்களா?" என்று கேட்கிறார்.

"ஓடுதுங்ணா" என்கிறேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.